95 நிமிட ‘நௌசிகா’வை வைத்து விமர்சனம் எழுத வேண்டாம்

‘நௌசிகா’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தில் நீங்கள் பார்த்தது வெட்டப்பட்ட பிரதியாகத்தான் இருக்கும். படம் 95 நிமிடம்தான் ஓடியது, ஓமு என்ற ராட்சதப் பூச்சிகள் வெறும் அரக்கர்களாகத் தெரிந்தன என்கிறீர்களே, அதுதான் அடையாளம்.

1984-இல் வந்த இயக்குநர் மியாசாகியின் மூலப்படம் 117 நிமிடம். மறுவருடம் அமெரிக்காவில் இருபது நிமிடத்துக்கு மேல் நறுக்கி, ‘வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்’ என்று வெளியிட்டார்கள்.

நாயகி நௌசிகாவை ‘ஸாண்ட்ரா’ என்று அழைக்கிறார்களா, பாருங்கள். ஆமென்றால் அதை ஒதுக்கிவிட்டு முழுப்படத்தையும் பாருங்கள். நிலவறையில் நௌசிகா நச்சுக்காட்டுச் செடிகளைச் சுத்தமான நீரில் வளர்க்கும் இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். அங்கே அவை விஷம் கக்குவதில்லை, விஷம் மண்ணில்தான். என்னைக் கேட்டால் படத்தின் உயிரே அந்த அறைதான்.

அப்புறம், டிவிடியில் 112 நிமிடம் என்று காட்டினால் பதற வேண்டாம். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான வட்டில் படம் சற்று வேகமாக ஓடும், அவ்வளவுதான்.