புளோரன்ஸ் குவிமாடம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சென்ட்ரிங் (கட்டும்போது அடியில் தாங்கும் மரமுட்டு) போடாமல், இத்தாலியில் புளோரன்ஸ் பேராலயத்தின் அவ்வளவு பெரிய குவிமாடத்தைக் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி எப்படிக் கட்டினார்?

பதில்: அகலம் சுமார் 45 மீட்டர். அதற்கு முட்டுக்கொடுக்க மரத்துக்கு எங்கே போவது? 1420-ல் வேலை தொடங்கியது. ஒவ்வொரு வரிசையையும் முழு வளையமாகச் சுற்றி முடித்தார்கள். வளையம் மூடிவிட்டால் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். மூடும்வரை என்ன செய்வது? மேலே போகப் போகச் சுவர் உட்புறம் சாயும், ஈரச் சாந்தில் செங்கல் வழுக்கும். அதற்குத்தான் மீன்முள் அடுக்கு: இடையிடையே ஒரு செங்கலை நெட்டுக்குத்தாக நிறுத்தினால், படுத்திருக்கும் கற்கள் அவற்றின் நடுவே சிக்கி நிற்கும். உள்ளே ஒரு குவிமாடம், வெளியே ஒரு குவிமாடம் என இரண்டு ஓடுகள். கீழ்ப்பாகம் பிதுங்காமலிருக்க, பீப்பாய்க்குப் பட்டை கட்டுவதுபோல் கல்லிலும் மரத்திலும் சங்கிலிகள். 1436-ல் குவிமாடம் மூடியது.

கேள்வி: மரமுட்டுக்குப் பதிலாக உள்ளே மண்ணை நிரப்பி, அதில் காசைக் கலந்து, பிறகு ஊராரை விட்டே அள்ள வைத்தார்களாமே?

பதில்: இல்லை. கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொன்ன கதை அது. அவரே அதை யாரோ சொன்ன யோசனையாகத்தான் சொல்கிறார், நடந்ததாக அல்ல.

கேள்வி: வசாரி அந்தக் காலத்து ஆள்தானே, அவருக்குத் தெரியாதா?

பதில்: புருனெல்லெஸ்கி இறந்தது 1446, வசாரி பிறந்தது 1511. கணக்கை நீங்களே போடுங்கள். வசாரியை ரசித்துப் படியுங்கள், சாட்சிக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: எண்ணெய் வண்ணத்தைக் கண்டுபிடித்தது ஓவியர் யான் வான் ஐக்தானே?

பதில்: மறுபடியும் வசாரி சொன்ன கதை! வான் ஐக்குக்கு முன்பே அது இருந்தது. வான் ஐக் அதை எங்கே கொண்டுபோனார் என்பதற்கு 1432-ல் முடிந்த, பெல்ஜியத்தின் கென்ட் நகரப் பலிபீட ஓவியத்தைப் பாருங்கள்.

கேள்வி: கோதிக் கட்டடப் பாணி என்றால் ஐரோப்பாவின் பழைய கோத் இனத்தார் கட்டியதா?

பதில்: இல்லை. கோத்துகளைக் காட்டுமிராண்டிகளாக நினைத்த இத்தாலிய மறுமலர்ச்சிக்காரர்கள் வைத்த வசைப்பெயர். வசாரியும் பழியைக் கோத்துகள் மேல்தான் போடுகிறார். வேடிக்கை என்னவென்றால், மறுமலர்ச்சியின் அடையாளமாக எல்லோரும் காட்டும் இந்தக் குவிமாடத்தின் கூர்வளைவு கோதிக் வளைவுதான். அந்த வடிவம் 1367-லேயே முடிவாகிவிட்டது. புருனெல்லெஸ்கி பிறந்ததே 1377-ல்! வடிவம் பழையது, கட்டிய வித்தைதான் அவருடையது.

கேள்வி: சென்ட்ரிங் இல்லாமல் எப்படி...

பதில்: முதல் பதில்.

கேள்வி: அந்த மீன்முள் அடுக்கை நேரில் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். இரண்டு ஓடுகளுக்கும் நடுவேதான் ஏறிப்போகும் வழி. 463 படிகள், லிஃப்ட் கிடையாது. இறங்கும்போது முழங்கால் என்னைத் திட்டச் சொல்லும்.