எல்க் வேட்டைக்கு மின்சார ஃபேட் பைக்: ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் எதைப் பார்ப்பது?

கேள்வி: கொலராடோவின் டென்வரில் வேலை. போன வருஷம் ஆபீஸ் நண்பர்களோடு எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குத் துணையாகப் போனேன், இந்த அக்டோபரில் நானே லைசென்ஸ் எடுக்கலாம் என்றிருக்கிறேன். கூட வந்த இருவர் தடித்த டயர் போட்ட மின்சார பைக்கில் காட்டுச் சாலையில் சர்ரென்று ஏறிப் போய்விட்டார்கள், நான் மூட்டையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே நடந்தேன். கடையில் விலை 5,000 டாலர் சொல்கிறார்கள். 1000 வாட் மோட்டார், ஒரு சார்ஜில் 60 மைல் போகுமாம். ஒரு நாள் வாடகைக்கும் தருகிறார்கள். அந்த ஒரு நாளில் என்னவெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: வண்டியைத் தொடுவதற்கு முன்னால் மேப்பைத் தொடுங்கள். நீங்கள் வேட்டைக்குப் போகும் காடு எது என்று பார்த்து, அந்த நேஷனல் ஃபாரஸ்டின் மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்பை, அதாவது எந்தப் பாதையில் எந்த மோட்டார் வண்டி போகலாம் என்று காட்டும் மேப்பை, இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். இந்தக் காடுகளை நிர்வகிக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸ் கணக்கில் மின்சார பைக்கும் மோட்டார் வண்டிதான். கேட் போட்டு டிரக்கை நிறுத்தியிருக்கும் அந்தப் பழைய மரம்வெட்டுச் சாலையில் நாம் மட்டும் சத்தமில்லாமல் நுழைந்துவிடலாம் என்ற கனவில்தான் பாதிப் பேர் இதை வாங்குகிறார்கள், மேப்பில் அது மோட்டாருக்குத் திறந்த பாதையாக இல்லையென்றால் உங்கள் பைக்குக்கும் அங்கே இடமில்லை. வில்டர்னஸ் என்று அறிவித்த பகுதி, உதாரணத்துக்கு ஃப்ளாட் டாப்ஸ், அங்கே 1964-ஆம் வருஷச் சட்டப்படி சாதா சைக்கிளே கூடாது. பாதையை விட்டு இறங்கி, விழுந்த மான் வரைக்கும் ஓட்டிப் போவதும் பெரும்பாலான இடங்களில் தப்பு.

அப்போ இதற்கு எங்கேதான் வேலை? மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் திறந்திருக்கும் ஒற்றையடிப் பாதைகள். டிரக்கும் ஏடிவி எனும் நாலு சக்கரக் காட்டு வண்டியும் அங்கே வராது, நீங்கள் போகலாம். உங்கள் வேட்டைப் பகுதியில் அப்படி ஒரு பாதை இல்லை, எல்லாமே டிரக் போகும் சாலைதான் என்றால் 5,000 டாலரைப் பேசாமல் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு இது தேவையில்லை.

1000 வாட் பற்றியும் ஒரு வார்த்தை. பெடரல் சட்டத்தில் மின்சார சைக்கிள் என்றால் மோட்டார் 750 வாட்டுக்குக் கீழே, மோட்டாரால் மட்டும் ஓடும் வேகம் மணிக்கு 20 மைலுக்குக் கீழே. அதைத் தாண்டினால் சைக்கிளுக்கான சலுகை எதுவும் கிடையாது. மோட்டார் பாதையில் ஓட்டத் தடையில்லை, ஆனால் வார நாளில் ஊருக்குள் சைக்கிள் பாதையில் ஆபீசுக்கும் இதிலேயே போகலாம் என்று நினைத்திருந்தால் யோசியுங்கள்.

சரி, மேப் ஒத்துவருகிறது, வாடகைக்கு எடுத்துவிட்டீர்கள். கடை வாசல் பார்க்கிங்கில் ஒரு சுற்று அடித்துப் பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை, தார் ரோட்டில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு டென்வருக்குத் தெற்கே ரேம்பார்ட் ரேஞ்ச் மலைப் பக்கம் மோட்டார் பாதைகளுக்குக் கொண்டுபோங்கள். அங்கே மண் முழுக்க உதிர்ந்த கிரானைட், டயருக்கடியில் கேழ்வரகு கொட்டிய தரை மாதிரி உருளும். வீட்டிலிருந்து 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை மூன்றை எடுத்துப்போய் கேரியரிலோ டிரெய்லரிலோ கட்டுங்கள். எலும்போடு ஒரு எல்க் பின்னங்கால் சாதாரணமாக அந்த எடை வரும், பெரிய ஆண் என்றால் அதற்கு மேலேயும் போகும். உங்கள் எடை, துப்பாக்கி, தண்ணீர், இந்த மூட்டை எல்லாம் சேர்த்து வண்டியின் சுமை வரம்புக்குள் வருகிறதா என்று அங்கேயே கூட்டிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் தங்கள் உடம்பு எடையையே கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது செங்குத்தான ஏற்றத்தில் நடுவில் நிறுத்திவிட்டு, அதே இடத்திலிருந்து மறுபடி கிளப்புங்கள். எனக்கு மிக முக்கியமான சோதனை இதுதான். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் ஹப் வகை இங்கே திணறும், மெதுவாக நெடுநேரம் ஏறினால் சூடாகிச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பெடலுக்கு நடுவில் இருக்கும் மிட் டிரைவ் கியரைப் பயன்படுத்திக்கொள்வதால் ஏறிவிடும், பாஃபாங் அல்ட்ரா போன்ற மிட் டிரைவ் மோட்டார்கள் 160 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகின்றன. அந்த விசை முழுக்கச் செயின் வழியாகத்தான் போகிறது, அதனால் சுமையோடு ஏறும்போது கியர் மாற்றினால் செயின் அறுந்துபோக வாய்ப்பு அதிகம். ஒரு செயின் டூலும் மாற்று இணைப்பும் பையில் இருக்கட்டும். மலைக்கு மிட் டிரைவ், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இறக்கத்தில் அதே மூட்டையோடு பிரேக்கைப் பாருங்கள். ஹைட்ராலிக், 180 மில்லிமீட்டர் டிஸ்க், அதற்குக் குறைந்து வேண்டாம். அப்புறம் பேட்டரியை அணைத்துவிட்டு ஒரு மைல் மிதியுங்கள், இறங்கித் தள்ளியும் பாருங்கள். கொலராடோ காடுகளில் வண்டு அரித்துச் செத்த பைன் மரங்கள் பாதையின் குறுக்கே விழுந்து கிடக்கும், 70 பவுண்டு வண்டியைத் தனியாளாக அதற்கு மேல் தூக்கிப் போட வேண்டியிருக்கும். அது முடியுமா என்பது வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. நண்பரை 50 அடி தள்ளி நிற்கவைத்துச் சத்தத்தையும் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மோட்டார் முனகுவதைவிடச் செயின் சட்டத்தில் அடிக்கும் ஓசைதான் தூரத்துக்குக் கேட்கும்.

60 மைல் என்பது ஒல்லியான ஆள், சமதளம், மோட்டார் குறைவாக உதவும் நிலை என்றால்தான். 48 வோல்ட், 17.5 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் மொத்தம் 840 வாட் மணி. சுமையோடு, காற்றைக் குறைத்த டயரில், மலை ஏறும்போது மைலுக்கு 40 வாட் மணி தின்றால் 21 மைல்தான், போக வர இரண்டும் சேர்த்து. குளிரில் அதுவும் குறையும். ராத்திரி பேட்டரியைக் கழற்றிக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடவே போடாதீர்கள், லித்தியம் செல் கெட்டுவிடும். வாங்கும்போது மின்சார பைக்கின் மின் அமைப்புக்கான யுஎல் 2849 பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், தீப்பிடிக்கும் சமாச்சாரம்.

டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றை அடிக்காமல், சரளையில் 10 முதல் 15 பிஎஸ்ஐ, பனியில் இன்னும் கீழே என்று இறக்கி ஓட்டிப் பாருங்கள். அடிவாரத்தில் கோட்ஹெட் என்கிறார்களே, அது நம்ம ஊர் நெருஞ்சியேதான், டயருக்குள் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் ஊற்றாமல் போகாதீர்கள். காரின் பின்னால் மாட்டும் ரேக் ஒரு பைக்குக்கு எத்தனை பவுண்டு தாங்கும் என்றும் பாருங்கள். சாதா ரேக் இதைத் தாங்காது, அது ஒரு தனிச் செலவு.

துப்பாக்கி சீசனில் கொலராடோவில் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சோ பிங்க்கோ உடம்பில் தெரிய வேண்டும், தொப்பியும் அதே நிறத்தில். பையை மாட்டிக் குனிந்து ஓட்டும்போது முதுகு மறைந்துவிடும், அதனால் முதுகுப்பையின் மேலேயும் ஆரஞ்சு உறை போடுங்கள். 1949 ஜனவரி 1-க்கு முன்னால் பிறந்தவராக நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்பதால் வேட்டைப் பயிற்சி முடித்ததற்கான ஹன்டர் எஜுகேஷன் கார்டும் வேண்டும். எச்1பி விசாவில் இருந்தால் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் வருவதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டுவிடாதீர்கள், அது பெடரல் குற்றம். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: இதே வகை வண்டி பழசு ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?

பதில்: பேட்டரியைப் பொறுத்தது. முழு சார்ஜோடு எடுத்து, திரையில் பாதி காட்டும்வரை ஓட்டி மைலைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரிப் பூட்டின் சாவியும் ஒரிஜினல் சார்ஜரும் இல்லையென்றால் பேரம் பேசவே வேண்டாம். அதே மாடல் பேட்டரி இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறதா என்று தேடி, கிடைத்தால் அதன் விலையை, பழைய வண்டிக்கு அவர் கேட்கும் தொகையோடு கூட்டிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.