போய்ட்டு வர்றேன்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள மேடம்,

வணக்கம். எனக்கு ஈரோட்டுப் பக்கம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஏஎஃப்எஸ் மாணவர் பரிமாற்றத்தில் தேர்வாகி, ஆகஸ்டில் ஜப்பான் வந்தேன். தொயாமா மாவட்டத்தில் கடலோரம் ஒரு சின்ன ஊர். வீட்டில் ஹோஸ்ட் அப்பா, அம்மா, பாட்டி, என்னைவிட இரண்டு வயது சின்னவனாக ஒரு தம்பி. எல்லாரும் நல்லவர்கள். ஆனால் மூன்று மாதம் ஆகியும் எனக்கு இங்கே ஒரு இடம் கிடைத்த மாதிரி இல்லை. முதல் வாரம் என்னைச் சுற்றி நின்ற வகுப்புப் பிள்ளைகள் இப்போது சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பாடம் புரியவில்லை. வீட்டில் ஒரு தட்டைக்கூடக் கழுவ விடுவதில்லை. சைவம் என்று சொல்லியிருந்தும் எல்லாவற்றிலும் மீன் வாசம்.

போன வாரம் பள்ளியில் கழிப்பறை கழுவும் முறை எங்கள் குழுவுக்கு வந்தது. அதைப் போனில் சொன்னேன், அம்மா அழுதுவிட்டார். "இதுக்கா உன்னை அங்கே அனுப்பினோம், கிளம்பி வந்துடு" என்கிறார் அப்பா. அம்மா டீச்சர். அவர் வீட்டுக்கு வரும் நாலரை மணிக்கு இங்கே இரவு எட்டு. சாப்பிட்டதும் அறைக்கு வந்து ஒன்றரை மணி நேரம் வீடியோவில் பேசுவேன். ஒரு நாளில் எனக்கு நிம்மதியான நேரம் அதுதான். சொந்தக்காரர்கள் எங்கெல்லாம் போனே, என்ன பார்த்தே என்று கேட்கிறார்கள். சொல்ல ஒன்றுமே இல்லை. பள்ளி, வீடு, சோறு, தூக்கம். நீங்களும் இந்த வயதில் ஜப்பானில் படித்ததாக எழுதியிருந்தீர்கள். நான் திரும்பி வந்துவிடலாமா?

க.

*

அன்புள்ள க.,

உனக்கு என் மகள் வயது, அதனால் நீ என்றே எழுதுகிறேன். பெயரை மறைத்து இங்கே வெளியிடச் சம்மதித்ததற்கு நன்றி. உன்னைப் போன்ற பிள்ளைகளைவிட அவர்களுடைய பெற்றோர் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கழிப்பறையிலிருந்தே தொடங்குகிறேன். உன் அம்மா ஏன் அழுதார் என்று எனக்குப் புரிகிறது. நம் ஊரில் பள்ளிக் கழிப்பறையைப் பிள்ளைகள் கழுவினார்கள் என்று செய்தி வந்தால், எந்தப் பிள்ளைகள் என்பதும் கூடவே வரும். பெரும்பாலும் பட்டியல் சாதிப் பிள்ளைகள். ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருக்க, பார்த்துப் பொறுக்கி அனுப்பப்பட்டவர்கள். அப்படி அனுப்பிய ஆசிரியருக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கும் அது அவமானம். உன் அம்மா ஆசிரியர், அவருக்கு இது தெரியும். அந்தச் செய்திகள்தான் அவர் கண்முன் வந்திருக்கும்.

ஆனால் உன் பள்ளியில் நடந்தது அது இல்லை. ஜப்பானியப் பள்ளிகளில் தினமும் கால் மணி நேரம்போல எல்லா மாணவர்களும் துப்புரவு வேலை செய்வார்கள். வகுப்பறை, நடைக்கூடம், படிக்கட்டு, பல பள்ளிகளில் கழிப்பறையும். குழு பிரித்து முறை வைத்து வரும். முதல் மதிப்பெண் வாங்குகிறவளுக்கும் வரும், ஊர்ப் பெரிய மனிதரின் மகனுக்கும் வரும். உன் பெயர் அந்த அட்டவணையில் இருந்தது என்றால், அந்த வகுப்பில் நீ ஒருத்தி என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பெண், பாவம், அவளை விட்டுவிடுங்கள் என்று விட்டிருந்தால்தான் நீ எனக்கு வருத்தப்பட்டு எழுதியிருக்க வேண்டும்.

எனக்கு அப்படித்தான் விட்டார்கள். 1996இல் ரோட்டரியின் இளைஞர் பரிமாற்றத்தில் திருநெல்வேலியிலிருந்து கனசாவா போனேன். உன் தொயாமாவுக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் நகரம்தான். எனக்குப் பதினாறு வயது. முதல் மூன்று வாரம் துப்புரவு நேரத்தில் ஆசிரியர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். மேசைகளைப் பின்பக்கம் தள்ளிவிட்டு, வரிசையாகக் குனிந்து ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டு ஓடுவார்கள். நான் நடைக்கூடத்தில் சுவரோடு சுவராக நிற்பேன். அந்தப் பள்ளியில் நான் மிகவும் தனியாக இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான். ஒருநாள் ஒரு பெண் வாளியோடு வந்து என் கையில் ஒரு துணியைத் திணித்தாள். பிழிந்தேன். அவளுக்குப் போதவில்லை. "மோத்தோ, மோத்தோ" என்றாள். இன்னும், இன்னும் இறுக்கி. அதுவரை எல்லாரும் என்னிடம் பாடப்புத்தகத்தில் வருவதுபோலத்தான் பேசினார்கள். சலித்துக்கொண்டு பேசிய முதல் ஆள் அவள். அன்று சாயங்காலம் ரயில் நிலையத்துக்கு அவளோடுதான் நடந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளியைப் பத்து வருடம் கூட்டிப் பெருக்கிய ஆயாவின் பெயர் எனக்குத் தெரியாது என்பது, அந்தத் துணியைப் பிழிந்தபோதுதான் உறைத்தது. இதை உன் அப்பாவிடம் படித்துக் காட்டு.

சரி, வீட்டுக்கு வருவோம். தட்டைத் தொட விடுவதில்லை என்கிறாய். அவர்கள் உன்னை விருந்தாளியாக வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் விருந்தாளி மரியாதை நம்முடையதுபோலவே ஆழமானது. அதை அவர்களாக நிறுத்தமாட்டார்கள், நீதான் கேட்டு வெளியே வர வேண்டும். என் கதையைச் சொல்கிறேன். அங்கே குளிப்பது எப்படி என்று இதற்குள் உனக்குப் பழகியிருக்கும்: வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான உடம்போடு வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். அதே தண்ணீரில்தான் வீடே ஒருவர் பின் ஒருவராக இறங்கும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. வந்த அன்று இரவு விருந்தாளி என்று என்னை முதலில் அனுப்பினார்கள். குளித்து முடித்து அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டு ஒகாசான், என் ஹோஸ்ட் அம்மா, ஓடிவந்தார். "பரவாயில்லை, பரவாயில்லை" என்று மறுபடி நிரப்பினார். நான்கு பேர் தூக்கத்தோடு காத்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, இரவெல்லாம் அழுதேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் நான்தான் முதல் குளியல். அப்புறம் நவம்பரில் ஒருநாள், பள்ளியில் தூரிகை எழுத்துப் பயிற்சி முடிந்து தாமதமாக வந்தேன். எனக்காகக் காத்திருக்கவில்லை, எல்லாரும் குளித்துவிட்டார்கள். ஒகாசான் சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்: "கடைசி நீதான். முடிச்சதும் தண்ணியைத் திறந்துவிட்டுட்டுத் தொட்டியைத் தேய்ச்சுடு." அந்த அடைப்பானை அன்றைக்கு என் கையால் பிடுங்கியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு அது தானாக அமைந்தது. நீ காத்திருக்க வேண்டாம். இன்று இரவே "தெத்சுதாய்மாஸ்", உதவி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே துடைக்கும் துணியைக் கையில் எடு. வேண்டாம் என்பார்கள். நாளையும் எடு. மூன்றாம் நாள் எந்தக் கிண்ணம் எங்கே போக வேண்டும் என்று சொல்லத் தொடங்குவார்கள். அந்தச் சொற்களை எந்த வகுப்பிலும் யாரும் உனக்குக் கற்றுத்தரப் போவதில்லை.

உன்னை வைத்திருக்கும் குடும்பம் இதற்குப் பணம் வாங்குவதில்லை என்பதும் உன் வீட்டில் தெரிய வேண்டும். ஏஎஃப்எஸ் என்பது முதல் உலகப்போரில் பிரான்சின் போர்முனையில் காயம்பட்டவர்களை ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பு. இரண்டாவது போரிலும் வண்டி ஓட்டினார்கள். அது முடிந்ததும், 1947இல், பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அழைத்துவந்து வீடுகளில் தங்கவைக்கத் தொடங்கினார்கள். சுற்றிக் காட்டுவது அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால் விடுதி போதும். ஒரு சமையலறையில் உட்காரவைக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

அதனால்தான் அந்த எட்டு மணிப் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சாப்பிட்டு முடித்து எட்டு மணிக்குத்தான் அந்த வீடு உட்காரும். தம்பி டிவி போடுவான், பாட்டி ஆரஞ்சு உரிப்பார், அப்பா அன்றைக்கு நடந்ததைச் சொல்வார். அந்த ஒன்றரை மணி நேரமும் நீ மூடிய கதவுக்குப் பின்னால் ஈரோட்டில் இருக்கிறாய். எங்கள் காலத்தில் இன்லேண்ட் லெட்டர் மாதிரி நீலநிற ஏரோகிராம்தான். அழுதுகொண்டே எழுதிய கடிதத்துக்கு அம்மாவின் ஆறுதல் மூன்று வாரம் கழித்து வரும். அதற்குள் அந்த அழுகை போய், வேறொன்று வந்திருக்கும். அது நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. என் அம்மா அந்த மூன்று வாரமும் எப்படி இருந்தார் என்று இப்போது நானே அம்மா ஆனபின் தெரிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நிதானமாகப் பேசினால் போதும் என்று உன் அம்மாவிடம் கேட்டுப்பார். மற்ற நாள் ஒரு வரி எழுதிப் போடு.

பாடம் புரியவில்லை என்பதற்கு வருவோம். தினசரிப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பானிய அரசு வகுத்த காஞ்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், 2,136. உன் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் அதற்காகப் பத்து வருடம் உழைத்தவர்கள். அவர்களுடைய வரலாற்றுப் பாடம் மூன்று மாதத்தில் உனக்குப் புரியாது, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தம்பியிடம் அவனுடைய பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகம் இருக்கிறதா என்று கேள். அதில் 80 காஞ்ஜிதான். புரியாத பாடவேளையில் அதை எழுது.

பேச்சில் உனக்கு இருக்கும் வசதியோ வேறு பலருக்கு இல்லை. என்னோடு அந்த வருடம் வந்திருந்த கனடா மாணவன் வாக்கியத்தின் கடைசியில் வினையை வைக்கவே மாதக்கணக்கில் திணறினான். நமக்கு அது பிறவியிலேயே அப்படித்தான். "தபெதே மிரு" என்கிறார்களே, தபெதே என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார்! "கத்தே ஒகு" என்றால் வாங்கி வை. "வசுரேதே ஷிமத்தா" என்றால் மறந்துவிட்டேன், அந்த 'விட்டேன்' உட்பட. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், தமிழில் யோசித்து அப்படியே சொல் மாற்றிப் போட்டாலே பாதி தூரம் போய்விடலாம். ஆங்கிலத்தில் யோசிக்காதே.

காலையில் கிளம்பும்போது "இத்தே கிமாஸ்" என்று சொல்கிறாய் அல்லவா? இத்தே என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். போய்ட்டு வர்றேன். நம் வீட்டில் போறேன் என்று சொன்னால் பாட்டி திட்டுவாரே, அதே சொல்தான் அங்கேயும் வாசலில் இருக்கிறது. இது எனக்குப் பிடிபட்ட காலையில், கையில் குடையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

சாப்பாடு சின்ன விஷயம், தீர்த்துவிடலாம். "நிகு" வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். நிகு என்றால் அவர்களுக்கு ஆடு, மாடு, பன்றி, கோழி. மீன் அதில் சேராது. மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல். மிசோ சூப்பின் அடித்தண்ணீர் பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுப்பது, உனக்கு வரும் வாசம் அதுதான். கொன்பு என்னும் கடற்பாசியிலும் அதை எடுக்கலாம். வடக்கே இருக்கும் ஹொக்கைதோ தீவிலிருந்து கப்பல்கள் கொண்டுவந்த காலம் முதல் கொன்பு தொயாமாக்காரர்களுக்கு உயிர். கொன்பு போட்டால் போதும் என்று சொன்னால் பாட்டிக்குச் சந்தோஷமாகவே இருக்கும்.

திரும்பி வரலாமா என்ற கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன். வீட்டில் யாராவது உன்னைப் பயமுறுத்தினால், வயிற்றுக்குப் போடாவிட்டால், உனக்குப் பிடிக்காதபடி தொட்டால், பேசினால், அன்றே அங்கே இருக்கும் ஏஎஃப்எஸ் தன்னார்வலரிடம் சொல். வீடு மாற்றுவது நடக்கிற விஷயம். அதில் உன் தப்பு எதுவும் இல்லை, யாருக்காகவும் பொறுத்துப்போக வேண்டாம். ஆனால் உன் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இருப்பது, மூன்றாவது மாதம். எனக்கும் அந்த மாதம்தான் மிகக் கஷ்டமாக இருந்தது. புதுமை தீர்ந்துவிட்டது, பழக்கம் இன்னும் வரவில்லை. இரு. பள்ளியில் ஏதாவது ஒரு மன்றத்தில் சேர். சேர்ந்துவிட்டு, பிப்ரவரியில் எனக்கு மறுபடி எழுது.

சொந்தக்காரர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை என்கிறாயே. கனசாவாவில் கென்ரொக்குஎன் என்று புகழ்பெற்ற தோட்டம் இருக்கிறது. ஈரப்பனியின் கனத்தில் பைன் மரக்கிளைகள் முறியாமலிருக்க, வருடாவருடம் நவம்பர் 1 அன்று உச்சியிலிருந்து கயிறு கட்டத் தொடங்குவார்கள். குடை விரித்த மாதிரி அவ்வளவு அழகாக இருக்கும். பலமுறை பார்த்திருக்கிறேன், படமும் இருக்கிறது. ஆனால் ஜப்பான் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, எங்கள் வீட்டு ஒபாசான், ஹோஸ்ட் பாட்டி, தினமும் காலையில் குடையை நீட்டிக்கொண்டே சொன்ன அந்த ஊர்ப் பழமொழிதான்: பெந்தோவை மறந்தாலும் குடையை மறக்காதே. மதியச் சாப்பாட்டைவிடக் குடை முக்கியமான அளவுக்கு அங்கே மழை. இதைச் சொல் உன் சித்தியிடம். தம்பியின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பற்றிச் சொல்.

இன்னும் சில நாளில் உங்கள் கடற்கரையில் இடி இடிக்கத் தொடங்கும். நம் ஊரில் கோடையில் இடிப்பது, அங்கே பனி தொடங்கும்போது. வீடு அதிரும், பயப்படாதே. அந்த இடிக்கு ஒரு மீனின் பெயரை வைத்து ஒரு சொல் இருக்கிறது. அது என்ன சொல், எந்த மீன் என்று நான் சொல்லப்போவதில்லை. இடித்ததும் அறையிலிருந்து வெளியே வந்து பாட்டியிடம் கேள்.

அன்புடன்.