சீனப் பல்கலைக்கழகங்களில் தொழில்முனைவு எல்லோருக்கும் பாடமா? அதனால் பயன் உண்டா?

ஆம், வணிகவியல் மாணவர்களுக்கு மட்டுமல்ல, எல்லாத் துறையினருக்குமான பாடமாகவே அதை வகுத்திருக்கிறார்கள். 2002-இல் கல்வி அமைச்சகம் சில பல்கலைக்கழகங்களில் சோதனை முறையில் தொடங்கியது. 2014-இல் தியான்ஜின் நகரில் அப்போதைய பிரதமர் லீ கெச்சியாங் எல்லோரும் தொழில் தொடங்க வேண்டும், புதியன படைக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்த பிறகுதான் வேகம் கூடியது.

2015-இல் வந்த அரசாணையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விதி: தொழில் தொடங்க விரும்பும் மாணவர், தன் இடத்தை இழக்காமல் படிப்பைச் சில காலம் நிறுத்தி வைக்கலாம். காவ்காவ் என்னும் கடும் நுழைவுத் தேர்வில் போராடிப் பெற்ற இடத்தை எந்தக் குடும்பம்தான் எளிதில் விட்டுவிடும்? அந்த அச்சத்தைத் தணிக்காமல் எவ்வளவு பாடம் நடத்தினாலும் பயனில்லை.

போட்டிகள் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2015-இல் தொடங்கிய 'இன்டர்நெட் பிளஸ்' என்னும் மாணவர் தொழில்முனைவுப் போட்டி மிகப் பெரிதாக வளர்ந்துவிட்டது. பரிசுகள் கல்லூரியின் பெருமைக் கணக்கில் சேர்வதால், மேடைக்காகவே திட்டங்கள் பிறந்து, பரிசளிப்புக்குப் பின் கலைந்துவிடுகின்றன. கற்பிப்பவர்களில் பலருக்கும் தொழில் நடத்திய அனுபவம் இல்லை.

இதைவிட, சிங்குவா பல்கலைக்கழகம் 2013-இல் நிறுவிய எக்ஸ்-லேப் என்னும் தொழில்முனைவுப் பயிற்சி மையம் நல்ல வழி. பல துறை மாணவர்கள் அங்கே ஒன்றாக உழைக்கிறார்கள். தொழில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுகிறார்கள்.

தோல்வியையும் கற்பிக்க வேண்டும். பீக்கிங் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஓஃபோ வாடகை மிதிவண்டி நிறுவனம் பல நாடுகளுக்குப் பரவி, வாடிக்கையாளர்களின் முன்பணத்தைத் திருப்பித் தர இயலாமல் சரிந்தது. பணப்புழக்கம் என்றால் என்ன என்பதை விளக்க அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.