ராபர்ட் டி நீரோ திரையில் பேசிய சிசிலிய மொழி அவருடைய வீட்டு மொழியா?

'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் (1974) மாஃபியா தலைவர் விட்டோ கொர்லியோனேயின் இளம்வயது வேடத்தில் நடித்த டி நீரோ, இத்தாலியின் சிசிலித் தீவில் பேசப்படும் அந்த மொழியைச் சிறுவயது முதலே அறிந்திருந்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அந்த வேடத்துக்காகவே கற்றுக்கொண்டார். அவர் 1943இல் நியூயார்க்கில் பிறந்தவர்; அவருடைய தந்தைவழி முன்னோர், இத்தாலிய நிலப்பகுதியிலுள்ள மொலீசே வட்டாரத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள். சிசிலியமோ பொது இத்தாலியனிலிருந்து வெகுவாக விலகி நிற்பது. 'அழகான' என்பதற்கான 'பெல்லோ' (bello) என்ற இத்தாலியச் சொல்லில் வரும் இரட்டை லகரம், சிசிலியத்தில், நம் 'வண்டி'யில் வரும் டகரத்தைப் போல நாவை மடித்து ஒலிக்கப்படுகிறது. கடைசி ஓகாரமும் உகரமாகிவிடுகிறது. இத்தகைய நுட்பங்களுக்காகவே அவர் சிசிலிக்குச் சென்று தங்கிப் பயின்றார். ஏறத்தாழ முழுவதும் அம்மொழியிலேயே பேசி நடித்த அந்த வேடத்துக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது மிகவும் நியாயமானது.

இதற்கு மாறாக, விட்டோவின் மகன் மைக்கேலாக நடித்த அல் பசினோவின் தாய்வழித் தாத்தா, கதையில் விட்டோவின் சொந்த ஊரான சிசிலியின் கொர்லியோனேயிலிருந்தே வந்தவர். ஆனால் முதல் பாகத்தின் உணவகக் காட்சியில் அவர் ஏற்ற மைக்கேல், சிசிலியத்தில் பேசத் தொடங்கிச் சொல் கிடைக்காமல் தடுமாறி ஆங்கிலத்துக்குத் தாவுகிறான். அமெரிக்காவில் பிறந்த தலைமுறையின் நிலையை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய கணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.