கண்ணாடித் தகடுகளில் அமெரிக்க எல்லைப்புறம்: வாசகர் கேள்விகள்

கே: அமெரிக்க எல்லைப்புறத்தின், அதாவது குடியேறிகள் புதிதாகச் சென்ற மேற்குப் பகுதியின், 19ஆம் நூற்றாண்டுப் படங்கள் இணையத்தில் ஏராளமாக இருக்கின்றன. பெரிதாக்கினால் கலங்கிவிடுகின்றன. அச்சிடத் தகுந்த பிரதி எங்கே கிடைக்கும்? (திருநெல்வேலி வாசகர்)

ப: படம் பழையது என்பதால் கலங்குவதில்லை. நகலுக்கு நகல் எடுத்து, அதற்கும் நகல் எடுத்ததுதான் உங்கள் கைக்கு வருகிறது. அந்தக் காலப் படங்களில் பெரும்பாலானவை கண்ணாடி நெகட்டிவை (வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் தெளிவாகவும் தலைகீழாகப் பதிந்த தகட்டை) நேரே தாளின் மேல் வைத்து வெயிலில் அச்சிட்டவை. கண்ணாடி எத்தனை அங்குலமோ படமும் அத்தனை அங்குலம். 1861இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குப் புகைப்படக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸ் கொண்டுபோனது ஏறக்குறைய 18க்கு 22 அங்குலக் கண்ணாடி. அவ்வளவு பெரிய தகட்டில் பதிந்த நுணுக்கம் எளிதில் தீராது.

ஆகவே முதலில் அசல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எடுத்தவர் யாருக்காக எடுத்தார் என்பதைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. அரசின் நில ஆய்வுக் குழுக்களோடு போனவர்களின் படங்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஹேடன் குழுவில் இருந்த வில்லியம் ஹென்றி ஜாக்சனைத் தேட ஆவணத் தொகுதி 57. வீலர் குழுவில் இருந்த டிமதி ஓ'சல்லிவனுக்குத் தொகுதிகள் 77, 106. ராணுவப் படங்களுக்குத் தொகுதி 111. ஜாக்சன் பிறகு சொந்தத் தொழிலாக எடுத்தவை இரண்டாகப் பிரிந்துவிட்டன. மிசிசிப்பிக்கு மேற்கே எடுத்த நெகட்டிவ்கள் கொலராடோ வரலாற்றுச் சங்கத்துக்கும், கிழக்கே எடுத்தவை காங்கிரஸ் நூலகத்துக்கும் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகம்) போயின. டெட்வுட் பகுதியை எடுத்த ஜான் கிராபில் காப்புரிமைப் பதிவுக்காக அனுப்பிய 188 படங்கள் காங்கிரஸ் நூலகத்திலேயே தங்கிவிட்டன.

காங்கிரஸ் நூலகப் பட்டியலில் படத்தைக் கண்டுபிடித்ததும் நகலெடுப்பு எண்ணைப் பாருங்கள். 'எல்சி-யூஎஸ்இசட்62' (LC-USZ62) என்று தொடங்கினால், அது பிற்காலத்தில் ஃபிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளை நகலின் எண். நிழல் பகுதிகள் அடைத்துப்போய், தட்டையாக இருக்கும். 'எல்சி-டிஐஜி' (LC-DIG) என்று தொடங்கும் எண் டிஜிட்டல் கோப்புக்கு உரியது. அதுவும் அசலிலிருந்து எடுத்ததா, நகலிலிருந்தா என்று பக்கத்திலேயே குறித்திருப்பார்கள். ஒரே படத்துக்கு இரண்டு எண்ணும் இருக்கலாம். அசலிலிருந்து எடுத்ததையே தேர்ந்தெடுங்கள். ஜேபெக் வேண்டாம், டிஃப் கோப்பை இறக்குங்கள். பிக்சல் எண்ணிக்கையை 300ஆல் வகுத்தால் எத்தனை அங்குலம் தெளிவாக அச்சிடலாம் என்பது தெரியும். 8க்கு 10 அங்குலப் பிரதியை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்திருந்தால் 4800க்கு 6000 பிக்சல். அது 16க்கு 20 அங்குலம் வரை தாங்கும். சில பதிவுகளில் கட்டைவிரல் அளவுப் படம் மட்டுமே தெரியும். உரிமை நிலை முடிவாகாத படங்களை நூலகக் கட்டடத்துக்கு வெளியே அப்படித்தான் காட்டுவார்கள். உங்கள் கணினியில் கோளாறு இல்லை.

கே: எல்லாப் படங்களிலும் வானம் வெள்ளையாகவும் அருவி பஞ்சு போலவும் இருப்பது ஏன்? (கோவை வாசகி)

ப: இரண்டுக்கும் காரணம் ஈரக் கொலோடியன் முறை. வெடிப்பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்து, அயோடைடு, புரோமைடு உப்புகள் சேர்த்த பிசுபிசுப்பான திரவம்தான் கொலோடியன். அதைக் கண்ணாடியின் நடுவில் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்த்து, மிச்சத்தைப் புட்டியில் வடிக்க வேண்டும். படலம் இறுகியும் இறுகாமலும் இருக்கும்போதே இருட்டில் சில்வர் நைட்ரேட் கரைசலில் மூன்று முதல் ஐந்து நிமிடம் மூழ்கவைத்து, ஈரத்தோடு கேமராவில் வைத்துப் படமெடுத்து, காய்வதற்குள் இரும்பு சல்பேட்டில் உருத்துலக்கி, ஹைப்போவிலோ பொட்டாசியம் சயனைடிலோ நிலைநிறுத்த வேண்டும். மொத்தத்தில் பத்துப் பதினைந்து நிமிட அவகாசம். பாலைவன வெயிலில் அதுவும் கிடையாது. ஈதர் பறந்துபோகும், படலம் ஓரத்திலிருந்து காயும், காய்ந்த இடத்தில் கோடுகளும் திட்டுகளும் விழும். பறக்கும் தூசி ஒட்டினால் வால் வைத்த புள்ளியாகப் பதியும். நெவாடாவின் கார்சன் பாலைவனத்தில் ஓ'சல்லிவன் 1867இல் எடுத்த மணல்மேட்டுப் படத்தில் கோவேறு கழுதைகள் பூட்டிய ஒரு வண்டி நிற்கும். அதுதான் அவருடைய இருட்டறை.

இந்தப் படலத்துக்கு நீலமும் ஊதாவும் மட்டுமே நன்றாகத் தெரியும். நீல வானம் நிலத்தைவிட வெகு சீக்கிரம் பதிந்து, பிரிண்டில் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. நெகட்டிவின் வானப் பகுதியில் கறைகள் இருந்தால் அதன்மேல் சாயம் பூசி முழுவதும் வெள்ளையாக்கியவர்களும் உண்டு. சிவப்பும் மஞ்சளும் கருமையாக விழும். செம்பாறைகளின் நிறத்தையும் மனிதர்களின் தோல் நிறத்தையும் இந்தப் படங்களை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பது இதனால்தான். தகட்டுக்குப் பல விநாடி வெளிச்சம் தேவை. அதற்குள் தண்ணீர் நகர்ந்துவிடுகிறது.

கே: பில்லி த கிட் இடதுகைக்காரரா? (சேலம் வாசகர்)

ப: இல்லை. அமெரிக்க மேற்கின் பேர்பெற்ற துப்பாக்கிக் குற்றவாளி அவர். நியூ மெக்சிகோவில் எடுத்த அவருடைய புகழ்பெற்ற படம் ஒரு டின்டைப், அதாவது மெல்லிய இரும்புத் தகட்டில் நேரே பதியும் படம். நெகட்டிவ் இல்லாததால் இடம் வலமாகத் திரும்பியே பதியும். அவர் கையில் இருக்கும் 1873 வகை வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா நுழைக்கும் வாய் வலப்பக்கம்தான் இருக்கும். படத்தில் இடப்பக்கம் தெரிகிறது. டின்டைப் எதைப் பார்த்தாலும் பொத்தான், எழுத்து, துப்பாக்கி ஆகியவற்றை முதலில் சரிபாருங்கள். 2011இல் டென்வரில் இந்தத் தகடு 23 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

கே: இவை உள்ளதை உள்ளபடி காட்டும் படங்களா, ஏற்பாடு செய்து எடுத்தவையா? (மதுரை வாசகர்)

ப: பெரும்பாலும் ஏற்பாடுதான். அதனால் அவை பொய்யாகிவிடுவதில்லை. என்ன ஏற்பாடு என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். சாலமன் புட்சர் 1886 முதல் நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் புல்கட்டி வீடுகளின் முன்னால் குடியேறிகளை நிறுத்தி எடுத்தார். புல்வேரோடு பெயர்த்த மண்கட்டிகளால் கட்டிய சுவர்கள், உள்ளே இருட்டு. அதனால் குடும்பம் மொத்தமும் வாசலுக்கு வந்தது: மாடு, வண்டி, தையல் இயந்திரம், ஒரு வீட்டில் ஆர்கன் என்ற இசைக்கருவி கூட. எதை வெளியே எடுத்து வைத்தார்கள் என்பதே அவர்கள் எதைப் பெருமையாக நினைத்தார்கள் என்பதற்குச் சான்று. என் பார்வையில் எல்லைப்புற வாழ்க்கைக்கு இதைவிட நேரான ஆவணம் இல்லை. ஆனால் 1885இல் பிரைட்டன் பண்ணை வேலியைக் குடியேறிகள் வெட்டியதாக அவர் காட்டும் படம், சம்பவம் நடந்து வெகு காலம் கழித்து நடித்து எடுத்தது. நெப்ராஸ்கா வரலாற்றுச் சங்கம் இந்தக் கண்ணாடிகளை உயர் தெளிவில் ஸ்கேன் செய்தபின், பிரிண்டில் வெறும் கறுப்பாக இருந்த வாசல்களுக்குள் மனிதர்களும் பொருட்களும் தெரிந்தன. நெகட்டிவில் இருந்ததைப் பிரிண்ட் விழுங்கியிருந்தது.

திருத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு விதி: நெகட்டிவில் படலத்தைச் சுரண்டினால் பிரிண்டில் கறுப்பு விழும், மை தடவினால் வெள்ளை விழும். ஓரம் கத்தி போலக் கூர்மையாக இருக்கும் கறுப்பையும், சுற்றியுள்ள பொருளின் மணிமணியான தன்மை இல்லாத வெள்ளையையும் சந்தேகியுங்கள். எட்வர்ட் கர்ட்டிஸ் 1910இல் பீகன் என்ற பழங்குடி மக்களின் கூடாரத்துக்குள் எடுத்த படத்தில் இருவருக்கு நடுவே ஒரு கடிகாரம் இருந்தது. வெளியிட்ட அச்சில் அதை அழித்துவிட்டார். பழங்குடியினர் காலத்துக்கு வெளியே வாழ்பவர்கள் என்ற எண்ணத்துக்கு அந்தக் கடிகாரம் இடைஞ்சல். திருத்தாத பிரதி காங்கிரஸ் நூலகத்தில் இருப்பதால்தான் இது நமக்குத் தெரியும்.

கே: 1869இல் இரண்டு ரயில் பாதைகள் இணைந்த படத்தில் சீனத் தொழிலாளர்களைக் காணோமே? (காரைக்குடி வாசகி)

ப: மே 10 அன்று யூட்டாவின் புரோமன்டரியில் அந்தப் படத்தை எடுத்த ஆண்ட்ரூ ரசல், கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக் கம்பெனிக்காக வேலை செய்தவர். சீனர்கள் உழைத்தது மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக்குக்கு. அதன் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் அவர்கள்தான். கைகுலுக்கும் பொறியாளர்களுக்கும் ஷாம்பேன் புட்டிகளுக்கும் முன்னிடம் கிடைத்தது. அதே நாளில் சீனர்கள் கடைசித் தண்டவாளத்தைப் பதிப்பதையும் ரசல் இரட்டைப்படமாக (இரு கண்ணுக்கும் ஒவ்வொன்றாக, ஆழம் தெரியும்படி அருகருகே வைத்த படம்) எடுத்திருக்கிறார். அதையும், சென்ட்ரல் பசிபிக்குக்காக ஆல்ஃபிரட் ஹார்ட் சியரா நெவாடா மலையில் எடுத்த சுரங்கப்பாதைப் படங்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

கே: காப்புரிமை தீர்ந்த படத்தை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா? (சென்னை வாசகர்)

ப: அமெரிக்கச் சட்டப்படி, வெளியாகி 95 ஆண்டு கடந்த படங்களுக்குத் தடை இல்லை, அரசு ஊழியர் பணியின்போது எடுத்தவற்றுக்கும் இல்லை. ஆனால் பழங்குடியினரின் சடங்குகள், இறந்தவர்கள் இருக்கும் படங்கள் வேறு. எடுக்கும்போது அவர்களிடம் சம்மதம் கேட்காத படங்கள் பல. பழங்குடி ஆவணங்களைக் கையாள்வதற்கான நெறிமுறைகளை அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கம் 2018இல் ஏற்றுக்கொண்டது. ஹோப்பி போன்ற மக்களின் சடங்குப் படங்களைச் சில காப்பகங்கள் பொதுவில் காட்டுவதில்லை. பதிவில் அப்படிக் குறிப்பு இருந்தால் வேறு இணையதளத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள்.

கே: அட்டையில் ஒட்டிய பழைய புகைப்படம் ஒன்று என்னிடம் உள்ளது. ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி? (புதுச்சேரி வாசகர்)

ப: பின்புறம் அமெரிக்க வரிவில்லை ஒட்டியிருந்தால் 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை விற்றது. அந்த இரண்டு ஆண்டுகளில்தான் புகைப்படத்துக்கு வரி இருந்தது. வில்லை இல்லையென்றால் அட்டையின் அளவைப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டரைக்கு 4 அங்குலம் முந்தைய வகை. நாலேகாலுக்கு ஆறரை அங்குலம் என்றால் 1866க்குப் பின் வந்த கேபினட் அட்டை. ஸ்டூடியோ பெயரும் ஊரும் அச்சாகியிருந்தால், அந்த ஊரின் பழைய முகவரிக் கையேடுகளில் அந்த ஸ்டூடியோ எந்தெந்த ஆண்டுகளில் இருக்கிறது என்று பார்த்து இன்னும் நெருங்கலாம்.