ஏசிக்குள் தண்ணீர் சத்தம்: கேள்வி பதில்

ஏசியில் தண்ணீர் சத்தம் கேட்கிறது என்பவர்கள் அது எப்படி இருக்கிறது என்பதைத்தான் நீளமாக விவரிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், எப்போது வருகிறது என்பது.

கேள்வி: ஸ்பிலிட் ஏசியிலிருந்து, பாட்டிலைக் கவிழ்த்தது போல 'களக் களக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் ஒழுகவில்லை, குளிர்ச்சியும் குறையவில்லை. மாலையில்தான் அதிகம். மெக்கானிக் வரும்போது மட்டும் வாயே திறப்பதில்லை.

பதில்: மாலை என்றதும் ஒரு சந்தேகம். அப்போது சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா? ஜன்னல், கதவெல்லாம் இறுக்கமாக மூடியிருக்கும்போது அந்த ஃபேன் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால், வீட்டுக்குள் காற்றழுத்தம் சற்றுக் குறையும். அதை ஈடுகட்ட வெளிக்காற்று கிடைத்த சந்திலெல்லாம் நுழையும். ஏசியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் ட்ரெய்ன் பைப்பும் அப்படி ஒரு சந்துதான். பைப்பில் தேங்கியிருக்கும் கொஞ்சம் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு காற்று குமிழ் குமிழாக மேலே வரும்போதுதான் அந்தக் 'களக் களக்'. உயரமான மாடிகளில், காற்று பலமாக வீசும் நாட்களில், எக்ஸாஸ்ட் இல்லாமலேயே இது நடக்கும்.

சத்தம் வரும்போது ஒரு ஜன்னலை விரலளவு திறந்து பாருங்கள். உடனே நின்றால் ஏசியில் பழுது இல்லை. (இது தெரியாத காலத்தில் நானே ஒரு யூனிட்டை முழுவதும் கழற்றிக் கழுவி மாட்டினேன். மறுநாள் மாலை அதே 'களக் களக்'.)

அதே நபர்: திறந்ததும் நின்றுவிட்டது! ஆனால் ஏசி போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பதா?

பதில்: ஏசி அறையில் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஓடும் அறையில் திறந்தால் போதும். அதுவும் முடியாது என்றால், ட்ரெய்ன் பைப்பில் மாட்டும் சின்ன ஒருவழி வால்வு இருக்கிறது. தண்ணீரை வெளியே விடும், காற்றை உள்ளே விடாது. அதில் வழவழப்பான அழுக்கு சேரும் என்பதால், சர்வீஸ் செய்யும்போதெல்லாம் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏசியை அணைத்த பிறகு சில நிமிடங்கள் உள்ளே ஏதோ ஓடுவது போல இருக்கிறது.

பதில்: அது தண்ணீர் அல்ல, கேஸ். கம்ப்ரசர் நின்றதும் அழுத்தம் அதிகமான பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பாய்கிறது. சமமானதும் அடங்கிவிடும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஏசி ஓடும் நேரம் முழுக்க 'உஸ்' என்ற இரைச்சலோடு கொளகொளப்பு. குளிர்ச்சியும் போதவில்லை. அவுட்டோர் யூனிட்டில் மெல்லிய குழாய் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் பில்டரைக் கழுவுங்கள். அடைத்த பில்டரால் காற்றோட்டம் குறைந்தாலும், காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் பனி பிடிக்கும். பில்டர் சுத்தமாக இருந்தும் இதே நிலை என்றால், பெரும்பாலும் கேஸ் குறைந்திருக்கிறது. 'கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பிவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏசி கேஸ் எரிந்து தீரும் பொருள் அல்ல, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் நிரப்ப வேண்டும். புதிய ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 தீப்பற்றக்கூடியது, அதனால் நீங்களே கைவைக்க வேண்டாம். அதுவரை கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடில் ஓடவிட்டுப் பனியைக் கரையுங்கள். கத்தியால் சுரண்டினால் காயில் ஓட்டையாகிவிடும்.

கேள்வி: விண்டோ ஏசியின் பின்பக்கம் சளப் சளப்பென்று தண்ணீர் அடிக்கிறது.

பதில்: பல மாடல்களில் அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அடித்தட்டில் சேரும் தண்ணீரைப் பின்பக்க ஃபேனின் விளிம்பு வாரி, சூடான காயில் மேல் தெளிக்கிறது. அது காயிலைக் குளிர்விப்பதால் நல்லதுதான். துளை போட்டு வடித்துவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்பிலிட் ஏசியில் அதே சளப் சத்தம். இரண்டு நாளாக முகத்தில் சாரலும் அடிக்கிறது.

பதில்: இங்கே அது நல்லதல்ல. யூனிட்டுக்குள் தண்ணீர் சேரும் தட்டு நிரம்பி, காற்றை ஊதும் ப்ளோவரில் தண்ணீர் படுகிறது. ஏசியை அணைத்துவிடுங்கள். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் தண்ணீர் விடும். அவ்வளவும் போக விரலளவு பைப் ஒன்றுதான் வழி. வெளியே அதன் முனையைப் பாருங்கள். கூலிங்கில் நன்றாக ஓடியும் சொட்டே இல்லை என்றால் அடைப்பு. ஈரம் உறிஞ்சும் வாக்குவம் கிளீனரை முனையில் வைத்து இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வெளியிலிருந்து ஊதாதீர்கள், அழுக்கெல்லாம் அறைக்குள் கொட்டும்.

சொட்டு நன்றாக வருகிறது என்றால், யூனிட் ஒருபக்கம் சாய்ந்திருக்கலாம். பைப் எங்கும் தொய்யாமல், மீட்டருக்கு 1 செ.மீ. அளவாவது இறக்கத்தோடு போக வேண்டும்.

கேள்வி: பைப்பை வாளிக்குள் விட்டிருக்கிறேன். வாளி நிறைய நிறையக் குபுகுபு என்கிறது.

பதில்: முனை தண்ணீருக்குள் மூழ்குகிறது. வாளியின் விளிம்புக்கு மேலே நிற்கும்படி வெட்டிவிடுங்கள்.

அதே நபர்: வெட்டிவிட்டேன், சத்தம் போயிற்று. அப்புறம், அந்தத் தண்ணீரைப் பேட்டரியில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. காயிலில் இருக்கும் தூசியும் உலோகத் துகளும் அதில் கலந்திருக்கும். தரை துடைக்கப் பயன்படுத்துங்கள்.